நீலகிரிச் சோலைகளில் பறவை பார்க்கவும் படம் எடுக்கவும்: முழுமையான வழிகாட்டி

கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பறவை பார்த்துப் பழகியவர்கள் முதன்முதலாக நீலகிரிக்கு வரும்போது கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். அங்கே வெட்டவெளி. பூநாரைகள் கூட்டமாக நிற்கும், வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தூரத்தில் நின்றே நாள் முழுக்கப் பார்க்கலாம். இங்கே சோலைக்குள் அரை மணி நேரம் நடந்தாலும் இலை அசைவது மட்டும்தான் தெரியும். குரல் நாலாபுறமும் கேட்கும், பறவை கண்ணில் படாது. "இங்க ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு ஊட்டி படகு இல்லத்துக்குப் போய்விடுபவர்கள் உண்டு.

பறவைகள் இருக்கின்றன. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் பார்க்க முடியாத பறவைகள். ஆனால் அவற்றைத் தேடி நடந்துகொண்டே இருந்தால் கிடைக்காது. சரியான இடம் பார்த்து நிற்க வேண்டும். எங்கே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது, கையில் என்ன வைத்துக்கொள்வது, பறவை வந்தபின் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் காட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

நீலகிரியின் மேல்மட்டத்தில் இயற்கையாக இருந்த நிலம் இரண்டே வகை. சரிவுகளில் புல்வெளி, அந்தச் சரிவுகள் மடிந்து தண்ணீர் ஓடும் பள்ளங்களில் சோலை. சோலை மரங்கள் வானளாவ நிற்பவை இல்லை. முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் போர்த்திக்கொண்டு, ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும். உள்ளே நடுப்பகலிலும் இருட்டுதான். புல்வெளியில் பெரும்பகுதி இன்று தேயிலையாகவும் கற்பூர மரமாகவும் (யூகலிப்டஸ்) சீகையாகவும் (வாட்டில் மரம்) மாறிவிட்டது. சோலைகள் துண்டுதுண்டாக மிஞ்சியிருக்கின்றன.

இந்தத் துண்டுகளில் வாழும் சிறு பறவைகள் பல, இடம்விட்டு இடம் அதிகம் போகாதவை. குளிர்ந்த மேல்மட்டத்தை விட்டு வெயில் நிலத்துக்கு இறங்கவே இறங்காதவையும் உண்டு. அதனால்தான் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு இனமும் தெற்கே வேறு இனமுமாகப் பிரிந்து நிற்கின்றன. நீலகிரியில் இருப்பது நீலகிரி சிரிப்பான். பழனி மலையில் அதன் இடத்தில் பழனி சிரிப்பான். இங்கே வயிறு செம்மையாக இருக்கும் நீலகிரி சோலைக்கிளி, கொடைக்கானலில் வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. (பெயரில்தான் கிளி, உருவத்தில் சிட்டு அளவுள்ள, தரையோடு தரையாக வாழும் பறவை.) 2017-இல் வெளியான மரபணு ஆய்வு, இந்தச் சோலைக்கிளிகளையும் சிரிப்பான்களையும் தனித்தனிப் புதிய பேரினங்களில் வைத்தது. ஷோலிகோலா, மான்டெசின்க்லா என்பவை அவற்றின் பெயர்கள். பக்கத்துப் பக்கத்து மலைகள்தானே என்று நாம் நினைக்கும் தூரம், இந்தப் பறவைகளுக்குத் தாண்ட முடியாத கடல்.

இதைச் சொல்வதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. கொடைக்கானல் பாம்பே சோலையில் நின்றுகொண்டு நீலகிரி சிரிப்பானைத் தேடக் கூடாது. எந்த மலை, எந்த உயரம் என்று தெரிந்தாலே பாதிப் பறவைகளை அடையாளம் கண்டுவிடலாம்.

எப்போது வருவது

டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், வலசை வரும் பறவைகளும் இருக்கும். சாம்பல் வாலாட்டி ஓடையோரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும். நீலமேனி ஈப்பிடிப்பானும் இலைக்கதிர்க்குருவிகளும் வந்திருக்கும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயத்தில் முட்டையிட்டுவிட்டுக் குளிர்காலத்துக்கு நீலகிரிக்கும் இலங்கைக்கும் வருகிறது. அழியும் அபாயத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பறவை. ஆணின் தொண்டையும் மார்பும் செங்கல் சிவப்பு, அதன் இரு ஓரத்திலும் கருப்புக் கரை. அந்தக் கரைதான் அடையாளம்.

மார்ச் முதல் மே வரை உள்ளூர்ப் பறவைகள் பாடும், கூடு கட்டும். பார்ப்பது எளிது. ஆனால் அதே காரணத்தால் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய காலமும் அதுதான். தவிர, ஏப்ரல் மே மாதங்களில் ஊட்டியில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது.

மழையைப் பற்றி ஒரு விஷயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அவலாஞ்சி, மேல்பவானி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். அதே நேரத்தில் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் மழை குறைவு. எங்களுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. ஆகவே ஆகஸ்டில் லீவு கிடைத்தவர்கள் கோத்தகிரிப் பக்கம் வரலாம்.

2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் இணையத்தில் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள். ஒருமுறை தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை.

எங்கே போவது

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலையை முதலில் சொல்வேன். 116 ஹெக்டேர்தான். ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு சோலை தப்பிப் பிழைத்திருப்பதே பெரிய விஷயம். சுற்றியிருக்கும் ஊர்களுக்குத் தண்ணீர் தருவது அது. 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காத நாளில் சோலையை ஒட்டிய சாலையிலும் தேயிலைத் தோட்ட ஓரத்திலும் நின்றாலே நல்ல பறவைகள் கிடைக்கும்.

ஊட்டியில் கெயின் ஹில். நடைபாதை உண்டு, ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய பறவைகள், புதியவர்களுக்கு ஏற்ற இடம். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். உச்சியில் கூட்டம் அதிகம், அங்கே போக வேண்டியதில்லை. ஏறும் சாலையின் ஓரத்தில் இருக்கும் சோலைத் துண்டுகளைப் பாருங்கள். 1848-இல் தொடங்கிய அரசுத் தாவரவியல் பூங்காவின் மேல்பகுதியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவும் காலை முதல் வேளையில் அருமையாக இருக்கும். அவலாஞ்சியில் வனத்துறை விடும் இடம் வரைதான் போக முடியும். முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கொடைக்கானலில் பாம்பே சோலை, பாம்பார் சோலை, அனுமதியோடு பேரிஜம் ஏரி.

முதுமலையும் சீகூர் பீடபூமியும் நீலகிரி மாவட்டம்தான் என்றாலும் அது முற்றிலும் வேறு காடு. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் இருப்பது தமிழ்நாட்டுக்கே பெருமை. ஆனால் அங்கே இறங்கி நடக்கக் கூடாது, வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு வழிகாட்டி எழுத வேண்டும். இங்கே சோலையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு பயணத்தில் இந்த எல்லா இடத்தையும் சுற்ற வேண்டாம். ஒரே சோலையின் ஒரே விளிம்புக்கு மூன்று காலை தொடர்ந்து போங்கள். இரண்டாம் நாள் எந்தக் கிளையில் எந்தப் பறவை உட்காரும் என்று தெரிய ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் நல்ல படம் கிடைக்கும்.

பைனாகுலர்

கேமரா வாங்கும் முன் பைனாகுலர் வாங்குங்கள். 8×42 போதும் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.). 10×42 கையில் ஆடும், சோலைக்குள் பார்வைப் பரப்பும் குறுகிவிடும்.

வாங்கியவுடன் கண்ணுக்குப் பொருத்துவது பலருக்குத் தெரிவதில்லை. முதலில் இரண்டு குழல்களையும் மடக்கி விரித்து, இரு வட்டமும் ஒன்றாகத் தெரியும்படி வையுங்கள். வலக்கண் பக்கத்து முன் லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்கு ஒரு பெயர்ப்பலகையைத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடிக்கொண்டு, அதே பலகையை வலக்கண் குழலில் இருக்கும் வளையத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். நடுச்சக்கரத்தை இப்போது தொடக் கூடாது. அவ்வளவுதான். அந்த வளையம் நிற்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் யாராவது வாங்கிப் பார்த்துத் திருப்பித் தந்தாலும் சிக்கல் இல்லை. கண்ணாடி போடுபவர்கள் ரப்பர் கிண்ணத்தை உள்ளே அழுத்திக்கொள்ளுங்கள்.

பறவையைப் பார்த்ததும் பார்வையை எடுக்காதீர்கள். கண் பறவை மேலேயே இருக்க, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். குனிந்து பைனாகுலரைத் தேடினால் பறவை போய்விடும். வீட்டு மொட்டை மாடியில் காக்கையை வைத்துப் பழகுங்கள்.

கேமராவும் லென்ஸும்

100-400 அல்லது 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால் இங்கே எல்லாமே எடுக்கலாம். விலையுயர்ந்த பெரிய லென்ஸ் இருட்டில் உதவும், மறுக்கவில்லை. ஆனால் சோலையின் பல பறவைகள் ஆறேழு மீட்டர் பக்கத்தில் வரும். தூரத்தை விட இருட்டுதான் இங்கே பிரச்சினை.

இருட்டுக்கு இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். கேமராவை மேனுவலில் வைத்து, அபெர்ச்சரை (லென்ஸின் திறப்பை) லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்து (எஃப் 5.6 அல்லது 6.3), ஷட்டர் வேகத்தை நீங்கள் முடிவுசெய்து, ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) மட்டும் ஆட்டோவில் விடுங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/320 போதும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்து, பறவையும் அசையாமல் இருந்தால் 1/160 வரை இறங்கலாம். பறக்கும் மரப்புறாவுக்கு 1/2000 வேண்டும். ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தைப் பிறகு கணினியில் சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தைச் சரிசெய்யவே முடியாது. கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் ரா ஃபைலாகவே எடுங்கள்.

எக்ஸ்போஷரில் (படத்தின் வெளிச்ச அளவில்) இரண்டு இடத்தில் கேமரா தவறாக முடிவெடுக்கும். இருண்ட புதருக்கு முன்னால் ஆரஞ்சு நிறப் பறவை இருந்தால், கேமரா புதரைப் பார்த்துவிட்டுப் படத்தை வெளுக்கும், ஆரஞ்சு நிறம் எரிந்துபோகும். அப்போது எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). பனிமூட்டத்தில் இதற்கு நேர்மாறு. சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால் கேமரா இருட்டாக்கும். மூன்றில் இரண்டிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். மூட்டம் இறங்கிவிட்டதே என்று பையைக் கட்டிவிடாதீர்கள். நிழலே இல்லாத அந்த மென்மையான வெளிச்சத்தில் இறகின் ஒவ்வொரு இழையும் தெரியும். பாசி படர்ந்த கிளையில் ஒரு வெள்ளைக்கண்ணிக் குருவி, பின்னால் வெறும் வெண்மை. நீலகிரி அல்லாமல் வேறெங்கே அந்தப் படம் கிடைக்கும்?

முக்காலியைத் தூக்கிக்கொண்டு சோலைப் பாதையில் நடப்பது சிரமம். துணிப்பையில் அரிசி நிரப்பிய பீன்பேக் ஒன்று இருந்தால் மதில் மேல், கல் மேல், கார் ஜன்னல் மேல் வைத்து எடுக்கலாம். காலிப் பையோடு வந்து, அரிசியை இங்கே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

சோலை விளிம்பில் நிற்பது

முதல் நாள் மாலையே போய் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கே பார்த்த விளிம்பு வேண்டும். பக்கத்தில் ஓடையோ ஊற்றோ இருந்தால் நல்லது. பழமோ பூவோ இருக்கும் மரம் ஒன்று கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ரோடோடெண்ட்ரான் பூத்திருந்தால் அந்த மரத்தை விட்டு நகராதீர்கள்.

கிழக்கு விளிம்பு ஏன் என்றால், குளிர்காலத்தில் இரவு உறைபனி விழும். விடிந்த பின்னும் பள்ளத்தில் பூச்சிகள் அசையாது. பூச்சி அசையாதவரை ஈப்பிடிப்பானுக்கு வேலையில்லை. சூரியன் மேட்டைத் தாண்டி முதல் வெயில் எந்த மரத்தின் மீது விழுகிறதோ அந்த மரத்தில் பூச்சி கிளம்பும், பின்னாலேயே பறவைகள் வரும். ஜனவரியில் இது ஏழரை, எட்டு மணிக்குத்தான் நடக்கும். சோலைக்கிளியும் காட்டுக்கோழியும் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு விடிவதற்கு முன்பே போய் நிற்க வேண்டும்.

வெள்ளை, சிவப்பு உடை வேண்டாம். சரசரக்கும் மழைச்சட்டையும் வேண்டாம். ஒரு மரத்தடியில் முதுகைக் கொடுத்து நில்லுங்கள் அல்லது உட்காருங்கள். உங்கள் உருவம் வானத்தின் பின்னணியில் தெரியக் கூடாது. செல்போனைச் சைலண்ட்டில் போடுங்கள். கையை உயர்த்திச் சுட்டிக்காட்டாதீர்கள். "அந்த ரெண்டாவது கிளை, இடது பக்கம், மேல" என்று மெதுவாகச் சொன்னால் போதும்.

அப்புறம் காத்திருங்கள். முதல் பதினைந்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. நீங்கள் வந்த சத்தத்தை அந்த இடம் மறக்க அவ்வளவு நேரம் ஆகும். அதன்பின் சில நாட்களில் ஒரு கலப்புக் கூட்டம் வரும். சோலையில் இதைப் போல மனசு துள்ளும் காட்சி வேறில்லை. முதலில் சாம்பல்தலை ஈப்பிடிப்பானின் சிட்சிட் குரல். பிறகு வெள்ளைக்கண்ணிகள், பட்டாணிக் குருவி, மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் பசையெடுப்பான், உச்சியில் தீக்கொழுந்தாய் மின்சிட்டுகள். ஐந்து நிமிடம் மரம் முழுக்கப் பறவை. அப்படியே நகர்ந்து போய்விடும். பின்னால் ஓடாதீர்கள். கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, சாலை வழியாகச் சுற்றிப்போய் அதன் முன்னால் நில்லுங்கள். வந்தாலும் வரும்.

பார்க்க வேண்டிய சில பறவைகள்

கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானிலிருந்து தொடங்குங்கள். சோலையின் அடித்தட்டில், முழங்கால் உயரத்துக்கும் இடுப்பு உயரத்துக்கும் நடுவில் வாழும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கருப்பு, உடல் சுட்டெரிக்கும் ஆரஞ்சு. பெண்ணுக்குக் கருப்பு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. சருகு குவிந்த ஈரப் பள்ளத்தில் ஒரு சின்ன வட்டாரத்தை வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே சுற்றும். அதனால் ஒருமுறை பார்த்த இடத்தில் மறுநாளும் பார்க்கலாம். காய்ந்த குச்சியில் உட்கார்ந்து வாலை லேசாக அசைத்தபடி தரையைப் பார்க்கும். சட்டென்று இறங்கிச் சருகிலிருந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு அதே குச்சிக்கோ பக்கத்துக் குச்சிக்கோ திரும்பும். மனிதரைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது. நீங்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கேமராவை அதன் கண் உயரத்துக்கு இறக்கி, அது திரும்பி வரும் குச்சியில் ஃபோகஸை வைத்துக்கொண்டு இருந்தால் போதும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் சருகுதான் பின்னணியாக வரும். உட்கார்ந்து எடுத்தால் காட்டின் ஆழம் கரும்பச்சையாகப் பின்னால் கரைந்து நிற்கும். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும்வரை பொறுங்கள், தலையைத் திருப்பும்போது விழும்.

நீலகிரி ஈப்பிடிப்பான் நடுத்தட்டுப் பறவை. ஆண் அடர்ந்த கருநீலம். குளிர்காலத்தில் இதோடு நீலமேனி ஈப்பிடிப்பானும் வந்து குழப்பும். அது வெளிறிய பசுநீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கருப்பாக இருக்கும். இரண்டுமே திறந்த கிளையில் உட்கார்ந்து பூச்சி பிடித்துவிட்டுத் திரும்பி வரும் குணமுள்ளவை என்பதால் படம் எடுக்கச் சுலபம்.

நீலகிரி சிரிப்பானைத் தேட வேண்டாம், அதுவே அறிவிக்கும். கூட்டமாகச் சேர்ந்து சிரிப்பதைக் கேட்டால் யாரோ ஆட்கள் என்றே தோன்றும். வெள்ளைப் புருவம், செம்பழுப்பு வயிறு. தவிட்டுப்பழம் பழுக்கும் காலத்தில் அந்தப் புதர்களின் பக்கம் நில்லுங்கள். சோலையை விட்டு ஊட்டித் தோட்டங்களுக்கும் வரும். விவரமாக விவரித்துப் பெயரிட்டவர் ஜெர்டான், 1839-இல்.

சோலைக்கிளி கடினம். விடியற்காலையும் அந்தி மங்கும் நேரமும், நிழல் விழுந்த பாதையில் தத்தித் தத்தி வந்து நின்று, வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். அந்த வெளிச்சத்தில் நல்ல படம் வருவது அரிது. பார்ப்பதோடு நிறைவடையுங்கள். உலகிலேயே அழியும் நிலையில் இருக்கும் பறவைகளில் ஒன்று.

நீலகிரி மரப்புறா சோலையின் உச்சியில் இருக்கும். பின்கழுத்தில் கருப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம். பழ மரத்துக்கு எதிரே உள்ள மேட்டில் நின்றால், பள்ளத்தாக்கைக் கடந்து வரும்போது கண் மட்டத்திலேயே பறக்கும். ஓடை இருந்தால் சீகாரப் பூங்குருவி இருக்கும். பொழுது விடியும் முன், வீட்டுக்குப் போகும் வழியில் பையன் ஒருவன் சீட்டியடிப்பது போலக் கேட்டால் அதுதான்.

நீலகிரி நெட்டைக்காலிக்குச் சோலையில் இடமில்லை. மேல்மட்டப் புல்வெளியும், புல்வெளிச் சேற்று நிலமும் வேண்டும். கோடு கோடாகப் பழுப்பு நிறத்தில், சட்டென்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத பறவை. ஆனால் புல்வெளியை சீகையும் பைனும் விழுங்கிக்கொண்டே போவதால், இந்த மலையில் எனக்கு அதிகக் கவலை தரும் பறவை இதுதான். சோலை அழிந்தால் ஊரே பேசுகிறது. புல்வெளியில் மரம் நட்டால் பச்சையாகிறதே என்று மகிழ்கிறார்கள். அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கம் போகிறவர்கள் புல்வெளிப் பாதையோரம் மெதுவாகப் பாருங்கள். பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் நடக்காதீர்கள். அது கூடு வைப்பது தரையில்.

செய்யக் கூடாதவை

செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். எதிரி தன் எல்லைக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்துத்தான் அந்தப் பறவை வெளியே வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தில், சில சமயம் குஞ்சை விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு சண்டைக்கு நிற்கிறது. ஒரே சோலைத் துண்டுக்கு வாரா வாரம் ஆட்கள் வந்து இதைச் செய்தால் அந்தத் துண்டில் இருக்கும் இரண்டு மூன்று ஜோடிகளின் கதி என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். வழிகாட்டியாக வரும் ஆள் குரல் போட முனைந்தாலும், "வேண்டாம் அண்ணா, கிடைச்சா கிடைக்கட்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

கூட்டைப் படம் எடுக்காதீர்கள். மறைத்த கிளையை ஒதுக்கினால் காட்டுக் காகத்துக்கு வழிகாட்டியது நாம்தான். ட்ரோன் பறக்கவிடக் கூடாது. இரை வைத்து அழைப்பதும் வேண்டாம். தேயிலைத் தோட்டம் யாரோ ஒருவருடைய நிலம், கேட்டுவிட்டு நுழையுங்கள்.

விலங்கு, அட்டை

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், பசு போலத் தெரிந்தாலும் பக்கத்தில் போகக் கூடாது. கரடி விடியற்காலையில் தோட்டப் பாதையிலேயே நடக்கும். எதிர்ப்பட்டால் ஓடாமல், கத்தாமல், பார்த்தபடியே பின்வாங்குங்கள். பலா பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனை, பர்லியார் பக்கம் யானை வரும். தோட்டத்தில் பச்சைத் தேயிலை பறிக்கும் அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது எந்த ஆப்பையும் விட நம்பகமானது. காலையில் கரடி எந்தப் பக்கம் இறங்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். காதில் இயர்போன் வேண்டாம். தனியாகப் போகாமல் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் அட்டை ஏறும். நீண்ட காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிவிட்டு, உப்பு கொஞ்சம் துணியில் கட்டி வைத்துக்கொண்டால் போதும்.

அறைக்குத் திரும்பியதும்

குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் உடனே எடுத்தால் லென்ஸ் முழுக்க நீர் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறவுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள்.

மலையில் கேமராவுக்குப் பெரிய எதிரி பூஞ்சை. ஜூலை, ஆகஸ்டில் பையிலேயே விட்ட லென்ஸின் உள்ளே சிலந்திவலை போலக் கிளைத்திருக்கும். ஒருமுறை பிடித்தால் முழுதாகப் போகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இங்கேயே வசிப்பவர்கள், ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கும் உலர் பெட்டி வாங்கிவிடுவது நல்லது. தோல் உறையில் வைக்காதீர்கள். வெயில் வந்த நாளில் எடுத்துப் பயன்படுத்துவதே பாதி வைத்தியம்.

அன்று பார்த்ததை அன்றே எழுதுங்கள். மெர்லின் ஆப் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தபின் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியலை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும். பார்த்த எல்லா இனத்தையும், காக்கை மைனா உட்பட, எண்ணிக்கையோடு போடுங்கள். சோலைக்கிளி படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடும்போது எந்த வளைவு, எந்த மரம் என்று எழுத வேண்டாம். "நீலகிரி" என்று போட்டால் போதும். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி ஏற்றினால் அது ஒரு பட்டியல். பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்புக்கும் முறை இதுவே. மலைக்கு வர முடியாத ஆண்டில் உங்கள் தெரு வேப்பமரத்தடியிலேயே செய்யலாம்.